அலுவலகமும் வீடுமாக ஓடும் வாழ்க்கையில் ஆன்மிக நலத்தைப் பேணுவது எப்படி?

காலை ஏழரைக்குக் கிளம்பினால் இரவு எட்டு மணிக்குத்தான் வீடு திரும்புகிறேன், இதில் ஆன்மிகத்துக்கு ஏது நேரம் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் கடலூரில் கணக்கர் வேலை பார்ப்பவன். இதே கேள்வியைப் பல ஆண்டுகள் சுமந்தவன். விடியற்காலை நாலரைக்கு எழுந்து தியானத்தில் அமர்வது என்று மூன்று முறை முடிவெடுத்தேன். மூன்றாவது முறைதான் அதிகம் நீடித்தது, பதினோரு நாள். தொடர்ச்சி அறுந்துவிட்டதாகக் கைப்பேசிச் செயலி அறிவித்தபோது எனக்கு வருத்தம் வரவில்லை, நிம்மதிதான் வந்தது. (வழிபாட்டுக்கு வருகைப் பதிவேடு வைப்பது இன்றளவும் எனக்கு ஒட்டவில்லை.)

என்னிடம் நிலைத்தது பிடி அரிசி மட்டுமே. உலையில் இடுவதற்கு அளந்து வைத்த அரிசியில் ஒரு பிடியை எடுத்து, இல்லாதவர்களுக்கென்று தனிப் பாத்திரத்தில் போட்டுவைக்கும் பழைய வழக்கம் அது. காஞ்சிப் பெரியவர் இதை ஒரு திட்டமாகவே வீடுதோறும் வலியுறுத்தினார். இறைவனுக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாய்ப் புல், உண்ணும்போது பிறருக்கு ஒரு கைப்பிடி, பிறரிடம் இனிய சொல் என நான்கைச் சொல்லும் திருமூலர், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ‘யாவர்க்குமாம்’, அதாவது எல்லோருக்கும் இயலும், என்று போடுகிறார். நேரமில்லை என்று சொல்பவரையும் சேர்த்துத்தான் அவர் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் மனைவி வேலை மாற்றலாகி வெளியூர் சென்றபோது, அடுப்படியும், பிடி அரிசி போட்டுவைக்க மாமியார் கொடுத்த பித்தளைத் தூக்குப் பாத்திரமும் என் பொறுப்புக்கு வந்தன. முதல் இரண்டு மாதம் நான் செய்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: நான் உண்பதற்குப் பொன்னி அரிசி, தூக்குக்கு ரேஷன் அரிசி. ரேஷன் அரிசியில் குறை ஒன்றுமில்லை. ஆனால் நான் உண்ணாததை எடுத்துக் கொடுத்தேன் என்பது, ஒரு நாள் இரண்டு மூட்டைக்கும் நடுவே நின்றபோதுதான் உறைத்தது. அன்று முதல் எனக்கென்று அளந்த ஆழாக்கிலிருந்தே, களைவதற்கு முன்னால், ஒரு பிடி எடுக்கிறேன். அந்த அளவுக்கு என் சோறு குறைய வேண்டும்; குறையாவிட்டால் அது வெறும் சேமிப்பு.

என் கைக்கு ஒரு பிடி என்பது ஏறத்தாழ 40 கிராம், ஆகவே மாதத்துக்கு 1,200 கிராம் சேர வேண்டும். கணக்கர் புத்தி, மாதக் கடைசியில் நிறுத்துப் பார்ப்பேன். தணிக்கை நடந்த ஒரு மார்ச் மாதத்தில் 900 கிராம்தான் தேறியது. ஒரு நாளும் தவறவில்லை. எரிச்சலும் அவசரமுமாக அள்ளிய நாள்களில் கை தானாகவே இறுகிச் சிறுத்திருக்கிறது. கண்ணை மூடி அமர்ந்தபோதெல்லாம் பிடிபடாத என் மனநிலை, தராசில் அப்படித் தெரிந்தது. இப்போது அள்ளுவதற்கு முன் ஒரு மூச்சு நிதானிக்கிறேன். தியானம் என்று நான் செய்வது அவ்வளவுதான்.

மாதப் பூசத்தன்று வடலூருக்குப் போக முடிந்தால் அந்த அரிசியைத் தருமச்சாலையில் சேர்த்துவிடுவேன். 1867 மே 23 அன்று வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரியும் இடம் அது. வருகிறவர் யார், எந்த ஊர் என்று கேட்காமல் சோறு போடுவார்கள். கொடுத்துவிட்டுத் திரும்பிவிடாமல் நானும் பந்தியில் அமர்ந்து உண்டு வருவேன்; அதில் கூச்சப்பட்டவன்தான், பழகிவிட்டது. இது தருமம்தானே, ஆன்மிகம் ஆகுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். சீவகாருண்யமே மோட்ச வீட்டின் திறவுகோல் என்று எழுதியவரின் ஊரில் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எனக்குக் கடினம்.

தொடங்க நினைத்தால் புதுப் பாத்திரம் வாங்காதீர்கள். அரிசிப் பானைக்குப் பக்கத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஏதாவது ஒரு டப்பா போதும். வண்டு வராமலிருக்க இரண்டு காய்ந்த மிளகாய் போட்டுவையுங்கள். வடலூர் தொலைவு என்றால், சமைத்துப் போடும் இடம் எதுவானாலும் சரி. சென்ற பொங்கல் முதல் என் மனைவியும் தான் வேலை பார்க்கும் ஊரில் தனியாக ஒரு டப்பா வைத்திருக்கிறார். அவருடைய கை என்னுடையதைவிடச் சிறியது. மாதக் கடைசியில் நிறுத்தால் அவருடைய அரிசிதான் அதிகம் இருக்கிறது.