டிராமை ரயில் தண்டவாளத்தில் ஏற்றினால் போதுமா?

கேள்வி: வட இங்கிலாந்தில் ஒரு சிற்றூரில் வசிக்கிறோம். ரயிலில் நகரத்துக்குப் போனால், கடைவீதிக்கு இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். "தண்டவாளம் ஏற்கெனவே இருக்கிறது, அதில் டிராமை ஓட்டலாம், செலவு குறைவு" என்கிறது கவுன்சில் அமர்த்திய ஆலோசனை நிறுவனம். எங்கள் குடியிருப்போர் சங்கம் ஆதரவுக் கையெழுத்துப் போடலாமா?

பதில்: உங்கள் ஆசையில் தவறே இல்லை. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவேயிலும் இதே தொல்லைதான். ரயில் நிலையம் ஒரு பக்கம், கடைவீதி இன்னொரு பக்கம். 1992-இல் பிரெட்டன் ஊரிலிருந்து ரயில் பாதையில் வந்த வண்டி, அப்படியே நகரத் தெருவில் டிராமாக ஓடத் தொடங்கியது. இப்படி இரண்டு பாதையிலும் ஓடும் வண்டியைத்தான் டிராம்-ரயில் என்கிறார்கள். இறங்கி மாறும் வேலை போனதும் பயணிகள் பல மடங்கு பெருகினார்கள்.

ஆனால் கையெழுத்தை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். "தண்டவாளம் இருக்கிறது" என்ற பேச்சில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். இங்கிலாந்திலேயே ஷெஃபீல்டு–ராதர்ஹாம் டிராம்-ரயிலைப் பாருங்கள். 2012-இல் அனுமதி, 2015-இல் ஓட வேண்டியது, 2018 அக்டோபரில்தான் ஓடியது. ரயில் பாதையில் செய்ய வேண்டிய மாற்றங்களுக்கு ஒன்றரைக் கோடி பவுண்டு என்று போட்ட கணக்கு ஏழரைக் கோடியானது. அதுவும் சில மைல் பாதைக்கு! பின்னாளில் அந்த ரயில் பாதைக்கு 25,000 வோல்ட் மின்சாரம் வந்தாலும் வரலாம் என்று, அதற்கும் ஏற்றபடி இப்போதே கட்டச் சொன்னார்கள். இப்படித் தள்ளிப் போட்டுக்கொண்டே போனால், வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை வருடம்தான் காத்திருப்பார்கள்?

சக்கரத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். தெருவில் பதித்த டிராம் தண்டவாளத்தின் பள்ளம் குறுகலானது. அதற்கேற்ப, டிராம் சக்கரத்தின் உள்விளிம்பும் மெலிதாக இருக்கும். ரயில் பாதை பிரியும் இடத்தில் தண்டவாளத்தில் சக்கர விளிம்பு போவதற்கு விட்ட இடைவெளி அகலம். மெலிந்த விளிம்பு அங்கே வழி தவறினால் வண்டி தடம் புரளும். அதனால் இரண்டு பாதைக்கும் பொருந்துகிற தனிச் சக்கரம் வேண்டும். பாதை பிரியும் இடங்களில் சக்கரத்தை வழி தவறாமல் பிடிக்க, உயர்த்திய தடுப்புத் தண்டவாளமும் வேண்டும். அப்புறம் பிளாட்பாரம். பிரிட்டனில் ரயில் பிளாட்பாரம் தண்டவாளத்திலிருந்து 915 மில்லிமீட்டர் உயரம். தாழ்தள டிராமின் வாசல் அதில் பாதிகூட வராது. ராதர்ஹாம் நிலையத்தில் டிராமுக்கென்று தாழ்வான பிளாட்பாரம் தனியாகக் கட்டினார்கள். நான் படித்த ஓர் ஆலோசனை அறிக்கையில் கார்ல்ஸ்ரூவேயின் வண்ணப் படங்கள் பக்கம் பக்கமாக இருந்தன. வண்டியின் தரை உயரம் ஓர் இடத்திலும் இல்லை. இப்படிப்பட்ட அறிக்கைக்குப் பொதுப்பணத்தைக் கொட்டுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. அது உங்களுக்குப் பொருந்துமா என்று அவசியம் பாருங்கள். உங்கள் பாதையில் வேறு ரயிலே ஓடாது, சரக்கு வண்டியும் வராது என்றால் டிராம்-ரயிலே தேவையில்லை. பாதை முழுவதையும் டிராமுக்கே கொடுத்துவிடலாம். மான்செஸ்டரில் 1992-இல் பரி, ஆல்ட்ரிங்கம் பாதைகளில் அதைத்தான் செய்தார்கள். பழைய உயரமான பிளாட்பாரங்களை இடிக்காமல், நகருக்குள்ளும் அதே உயரத்தில் கட்டிக்கொண்டார்கள். இரண்டு வகை வண்டி ஒரே பாதையில் ஓடும் சிக்கலே இல்லை. ஆனால் வாரத்துக்கு ஒரே ஒரு சரக்கு வண்டி போனாலும் இந்தச் சலுகை கிடைக்காது. அந்த ஒன்றுக்காகப் பாதையை ரயில் தரத்திலேயே வைத்திருக்க வேண்டும். "எப்போதாவது ஒன்று வரும்" என்று யாராவது சொன்னால், எந்த நாள், எத்தனை மணிக்கு என்று கேளுங்கள்.

கடைசியாக நேர அட்டவணை. மெயின் லைனில் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டுப் பத்து நிமிடம் நிற்கும் வண்டி, தெருவுக்குள் வரும்போது பின்னால் வரும் டிராம்களையும் தாமதமாக்கும். எனவே சங்கத்தின் பெயரில் மூன்று தாள்களை எழுத்தில் கேளுங்கள்: வண்டியின் தரை உயரமும் சக்கர அமைப்பும், ரயில் பாதை நிர்வாகம் ஒப்புக்கொண்ட வேலைப் பட்டியலும் அதன் செலவும், காலை 7 முதல் 9 மணிவரை, ரயில் பாதையும் டிராம் பாதையும் சேரும் சந்திப்பைக் கடக்கும் எல்லா வண்டிகளின் அட்டவணை. மூன்றும் கைக்கு வந்த பிறகு கையெழுத்தைப் பற்றி யோசிக்கலாம்.