கேளுங்கோ, சொல்லுறம்

கேள்வி: என்ர மச்சாள் அமெரிக்காவில, அயோவாவில ஒரு டவுன்ஷிப்பில இருக்கிறா. ஆயிரம் சனம்கூட இல்லையாம், பால் வாங்கவும் கார்தானாம். பேர் மட்டும் டவுன், இதென்ன கூத்து?
- வாசகி, உப்புவெளி

பதில்: பேரைப் பாத்து ஏமாறாதேங்கோ தங்கச்சி. அங்க டவுன்ஷிப் எண்டா டவுன் இல்லை, கோடு கீறிப் பிரிச்ச ஒரு காணிச் சதுரம்தான். 1785இல சட்டம் போட்டு காணியை ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரமா கோடு கீறத் தொடங்கினவங்கள், அதுக்குள்ள 36 துண்டு, ஒரு துண்டு 640 ஏக்கர், 16ஆம் துண்டை பள்ளிக்கூடத்துக்கெண்டே ஒதுக்கினது (கெட்டிக்காரங்கள்தான்). அதாலதான் அங்க ரோட்டெல்லாம் மைலுக்கொண்டா நேரா ஓடுது, எங்கட தம்பலகாமம் பக்கம் மாதிரி குளம் வாய்க்காலைச் சுத்தி வளையாது.

சனம் குறைஞ்சதுக்குப் பெரிய காரணம் மெஷின். 1862இல அரசாங்கம் குடும்பத்துக்கு 160 ஏக்கர் எண்டு குடுத்தது, இப்ப ஒராளே ஆயிரம் ஏக்கருக்கு மேல சோளமும் சோயாவும் போடுறார், பெடியள் படிச்சிட்டு சிட்டிக்குப் போயிடுதுகள். எவ்வளவு பேர் எண்டு 1790இல இருந்து பத்து வருஷத்துக்கொருக்கா எண்ணுறாங்கள், கடைசியா 2020இல. இலங்கையில எங்களுக்கு 2012க்குப் பிறகு 2024இலதான்.