விசாரணை பார்த்தவர் லாக்கப் படிக்கலாமா?

விசாரணை படம் பார்த்தேன், அதன் பின்பாதியில் வரும் ஆடிட்டர் கதை லாக்கப் நாவலில் எந்த இடத்தில் வருகிறது, படம் பார்த்தபின் படிக்க நாவலில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். ஆடிட்டர் கதை நாவலில் கிடையாதுங்க. தேட வேண்டாம். மு. சந்திரகுமார் எழுதியது 1983இல் ஆந்திராவின் குண்டூர் போலீஸ் லாக்கப்பில் தனக்கும் நண்பர்களுக்கும் நடந்தது மட்டும்தான். படத்தின் முதல் பாதி அதிலிருந்து வந்தது. தமிழ்நாட்டுக்குத் திரும்பியபின் நடப்பதெல்லாம் இயக்குநர் வெற்றிமாறன் சேர்த்தது.

மிச்சமா? நிறையவே இருக்கிறது. படத்தில் அடி விழும்போது நாம் வெளியே நின்று பார்க்கிறோம், கண்ணை மூடிக்கொள்ளலாம். நாவலில் அடிபட்டவரே பேசுகிறார். பசி, வீக்கம், அடுத்து யாரைக் கூப்பிடுவார்களோ என்று காத்திருக்கும் நேரம், இதெல்லாம் பக்கம் பக்கமாக நகரும். எனக்கு அடியைவிட அந்தக் காத்திருப்புதான் தாங்க முடியவில்லை.

ஆனால் கோர்ட் காட்சியைப் படத்தில்தான் மறக்க முடியாது. தெலுங்கு தெரியாத பையன்கள் தமிழில் கதற, தமிழ்நாட்டு இன்ஸ்பெக்டராக வரும் சமுத்திரக்கனி எடுத்துச் சொன்ன பிறகுதான் நீதிபதிக்கு விஷயமே புரிகிறது.

அப்புறம் முடிவு. படத்தில் பையன்கள் சாகிறார்கள். சந்திரகுமார் உயிரோடு வந்து, கோவையில் ஆட்டோ ஓட்டிக்கொண்டே இதை எழுதினார். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். சின்ன புத்தகம்தான், ராத்திரியில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.