தவறிப்போன தொடர்வேலைகள்: டிக் செய்வதா, அழிப்பதா?

கேள்வி: உடல்நலக் குறைவால் பத்து நாள்கள் வேலைப்பட்டியல் செயலியைத் திறக்கவே இல்லை. இப்போது திறந்தால், தினசரி நடைப்பயிற்சி முதல் குடிநீர் வடிகட்டியின் கார்ட்ரிட்ஜ் மாற்றுவது வரை எல்லாம் சிவப்பில் நிற்கின்றன. செய்யாததை டிக் செய்தால் பொய்க்கணக்கு; டிக் செய்யாமல் விட்டால் சிவப்பு போகாது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா? இதைச் சீராக்கித் தரும், வேலைகள் முன்கூட்டியே நிரப்பப்பட்ட ஆயத்தப் பட்டியல் ஒன்றை வாங்கும்படி ஒருவர் சொல்கிறார், வாங்கலாமா?

பதில்: அழிக்க வேண்டாம், மொத்தமாக டிக் செய்யவும் வேண்டாம். உங்கள் குழப்பத்துக்குக் காரணம் நீங்கள் அல்ல. ஒரு வேலை தவறிப்போனால், அது இனித் தேவையில்லை என்றும் இருக்கலாம், இன்னும் பாக்கி என்றும் இருக்கலாம். ஆனால் பல செயலிகள் ‘முடிந்தது’ என்ற ஒரே கட்டத்தை மட்டும் கொடுத்துவிட்டு, மற்றதை உங்கள் மனச்சாட்சிக்கு விட்டுவிடுகின்றன. ‘இந்த முறை விட்டுவிடு’ என்று ஒரு பொத்தானை வெளிப்படையாக வைப்பதில் அப்படி என்ன சிரமம் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்தப் பொத்தான் இருக்கிற செயலிகளிலும் அது மூன்று புள்ளி மெனுவுக்குள் ஒளிந்திருக்கிறது. முதலில் அங்கே தேடிப் பாருங்கள்.

நடைப்பயிற்சி போன்ற தினசரி வேலைகளில் போன நாள் போனதுதான். பத்து நாள் நடையை யாரும் பதினோராம் நாளில் நடந்து தீர்ப்பதில்லை. அவற்றை ‘விட்டுவிடு’ என்று தள்ளிவிடுங்கள். அந்த வசதி இல்லையென்றால் தேதியை இன்றைக்கு மாற்றினால் போதும். மாதக் கட்டணம் அப்படியல்ல. சென்ற தவணையைச் செலுத்தும்வரை அது பாக்கிதான். அதைத் தள்ளிவிடவே கூடாது. மருந்து வேளைகளை மட்டும் செயலியின் சிவப்பைப் பார்த்து ஈடுகட்ட முனையாதீர்கள். தவறிய வேளைக்காக இரட்டை அளவு எடுக்காமல், மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேளுங்கள்.

உண்மையான சேதம் கார்ட்ரிட்ஜ் போன்ற வேலைகளில்தான் நேர்கிறது. அதை 90 நாள்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்றும், கெடு முடிந்து பத்து நாள்கள் ஆகிவிட்டன என்றும் வைத்துக்கொள்வோம். சிவப்பு போகட்டும் என்று மாற்றாமலேயே இன்று டிக் செய்கிறீர்கள். செயலி இன்றிலிருந்து 90 நாள்களை எண்ணத் தொடங்கும். அடுத்த நினைவூட்டல் வரும்போது அந்தக் கார்ட்ரிட்ஜ் 190 நாள்கள் ஓடியிருக்கும், ஆனால் பட்டியலில் எல்லாம் ஒழுங்காக இருப்பதாகவே தெரியும். ஆகவே, கடைசியாகச் செய்த நாளிலிருந்து எண்ண வேண்டிய எந்த வேலையையும் செய்து முடிக்காமல் டிக் செய்யாதீர்கள். அது சிவப்பிலேயே இருக்கட்டும். அந்தச் சிவப்பு சொல்வது உண்மை.

உங்கள் செயலி எதிலிருந்து எண்ணுகிறது என்பதை உதவிப் பக்கங்களில் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரு சோதனையே காட்டிக்கொடுத்துவிடும். ‘சோதனை’ என்று ஒரு வேலையை உருவாக்கி, வாரம் ஒருமுறை என்று வைத்து, தொடக்கத் தேதியைப் பத்து நாள்களுக்கு முந்தைய தேதியாகக் கொடுங்கள். பிறகு ஒரே ஒரு முறை டிக் செய்யுங்கள். அடுத்த தேதி மூன்று நாள்களுக்கு முன்பு என்று வந்தால், செயலி தவறிய ஒவ்வொரு முறையையும் உங்களிடம் தனித்தனியாகக் கேட்கிறது என்று பொருள். நான்கு நாள்கள் கழித்து என்று வந்தால், பழையதைக் கடந்து, அதே கிழமையைப் பற்றிக்கொண்டு நாட்காட்டிப்படி செல்கிறது. ஏழு நாள்கள் கழித்து என்று வந்தால், நீங்கள் டிக் செய்த நாளிலிருந்து எண்ணுகிறது. கட்டணங்களுக்கு முதல் வகையும், கிழமை மாறக்கூடாத வேலைகளுக்கு இரண்டாவதும், கார்ட்ரிட்ஜுக்கு மூன்றாவதும் பொருந்தும்.

இந்த வேறுபாடு புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஈமேக்ஸ் என்ற உரைத் தொகுப்பு மென்பொருளில் வேலைப்பட்டியல்களுக்குப் பயன்படும் ஆர்க் மோடில் இம்மூன்றுக்கும் +, ++, .+ என்று தனித்தனிக் குறிகளே உள்ளன. டூடூயிஸ்ட் செயலியில் ‘எவ்ரி’ என்ற ஆங்கிலச் சொல்லை அடுத்து ஓர் ஆச்சரியக்குறி இட்டால், முடித்த நாளிலிருந்து எண்ணும். இடாவிட்டால் குறித்த தேதியிலிருந்து எண்ணும். இவ்வளவு முக்கியமான முடிவு ஒற்றை ஆச்சரியக்குறியில் தொங்குவதைப் பயனர் எப்படி ஊகிப்பார்?

‘தவறிய அனைத்தையும் இன்றைக்கு மாற்று’ என்ற பொத்தானைக் கண்டால் கவனமாக இருங்கள். சில செயலிகளில் தேதியை மாற்றும்போது ‘வாரம் ஒருமுறை’ என்ற விதியே அழிந்து, அது ஒரே ஒரு முறை செய்யும் வேலையாகிவிடும். அடுத்த வாரம் நினைவூட்டல் வராது, வராததை நீங்களும் கவனிக்க மாட்டீர்கள். முதலில் ஒரு வேலையின் தேதியை மட்டும் மாற்றிப் பார்த்து, தொடர்வேலைக்கான அம்புக்குறி நிற்கிறதா என்று பாருங்கள்.

ஆயத்தப் பட்டியலை வாங்காதீர்கள். இந்த ஆயத்தப் பட்டியல்காரர்கள் உங்கள் வடிகட்டி எப்போது மாற்றப்பட்டது என்பதை அறிய மாட்டார்கள். நாற்பது ஐம்பது தொடர்வேலைகளை மொத்தமாக இறக்கிவிட்டுப் போவார்கள், அடுத்த மாதம் உங்கள் திரையில் சிவப்பு இன்னும் கூடும். ‘நானே அமைத்துத் தருகிறேன்’ என்று கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்பவரிடம் பேச்சையே வளர்க்காதீர்கள். விட்டுப்போன நாளுக்குக் காசு வாங்கிக்கொண்டு ‘தொடர்ச்சி உடையவில்லை’ என்று காட்டும் சலுகையும் இதே வகைதான். நோயுற்றவர் படுத்திருந்த நாள்களை விற்பனைப் பொருளாக்குவது எனக்குச் சிறிதும் ஏற்புடையதல்ல.

இன்னொன்றையும் அவசியம் சரிபாருங்கள். மாதத்தின் 31ஆம் தேதியில் ஏதேனும் தொடர்வேலை வைத்திருக்கிறீர்களா? ஆண்டில் ஏழு மாதங்களுக்கு மட்டுமே 31 நாள்கள் உண்டு. நாட்காட்டி மென்பொருள்கள் பொதுவாகப் பின்பற்றும் ஐகேலண்டர் தரநிலை 1998இல் முதலில் வெளியாகி, 2009இல் ஆர்எஃப்சி 5545 என்ற இணையத் தரநிலை ஆவணமாகத் திருத்தி வெளியிடப்பட்டது. இல்லாத தேதி வந்தால் அந்த முறையைப் புறக்கணிக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. அதை அப்படியே பின்பற்றும் செயலியில் பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பர் ஆகிய ஐந்து மாதங்களில் அந்த வேலை தோன்றவே தோன்றாது. சிவப்பும் வராது, ‘தவறியது’ என்ற கணக்கிலும் சேராது. மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டிய அறிக்கையோ கட்டணமோ ஓசையின்றி விட்டுப்போகும். தரநிலையைப் பின்பற்றாத சில செயலிகள் வேறு விதமாகக் கெடுக்கின்றன: பிப்ரவரியில் 28ஆம் தேதிக்கு இறக்கிவிட்டு, மார்ச்சிலிருந்து 31க்குத் திரும்பாமல் 28ஆம் தேதியிலேயே நின்றுவிடுகின்றன. 29, 30 ஆகிய தேதிகளுக்கும் பிப்ரவரியில் இதே சிக்கல் உண்டு. ‘மாதத்தின் கடைசி நாள்’ என்ற தெரிவு உங்கள் செயலியில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். தரநிலையில் அதற்கு இடம் இருக்கிறது. இல்லையென்றால் வேலையை 28ஆம் தேதிக்கே வைத்துவிடுங்கள். இரண்டு மூன்று நாள்கள் முன்னதாகவே நினைவூட்டல் வருவதால் இழப்பு ஏதுமில்லை.