ரப்பர் யார் கையில்?

கேள்வி: என் மகன் ராயக்கோட்டை பக்கம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். டீச்சர் கொடுக்கிற வீட்டுப்பாடம் ஒரு பக்கம்தான். ஆனால் ஆறரைக்கு உட்கார்ந்தால் ஒன்பதரை ஆகிவிடுகிறது. தினமும் அழுகை. தப்பு இருந்தால் விடமாட்டேன், அழித்து அழித்துச் சரியாக எழுத வைத்துவிடுவேன். வாரத்துக்கு இரண்டு ரப்பர் தீர்கிறது. அவன் அப்பா தக்காளி வண்டி ஓட்டுகிறார். நடுராத்திரி பெங்களூர் கிளம்பினால் மதியம்தான் திரும்புவார். நோட்டில் சிவப்பு மையைப் பார்த்தால் எங்கள் இரண்டு பேருக்கும் திட்டு விழும். மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். திண்ணையில் புளி தட்டிக் கொட்டை எடுப்பார். அவருக்குத் தெலுங்குதான் வரும், அதனால் படிக்கிற நேரத்தில் பையனை அவர் பக்கம் விடுவதில்லை. வீட்டுப்பாடம் எல்லாம் சரியாக இருந்தும் வெள்ளிக்கிழமை வகுப்பில் வைக்கிற தேர்வில் பத்துக்கு மூன்றுதான் வாங்குகிறான். டீச்சர் சரியாகச் சொல்லித் தருவதில்லையோ? டியூஷன் வைக்கட்டுமா, தனியார் பள்ளிக்கு மாற்றட்டுமா?

– வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: வாரத்துக்கு இரண்டு ரப்பர் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். நீங்கள் கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் அந்த ஒரு வரியில் இருக்கிறது. தொலைக்காத பிள்ளைக்கு ஒரு ரப்பர் ஒரு மாதத்துக்கு மேல் வரும். வாரத்துக்கு இரண்டு தீர்கிறது என்றால் தேய்ப்பது எட்டு வயதுக் கை இல்லை அம்மா, உங்கள் கை.

டீச்சர் சரியாகச் சொல்லித் தருவதில்லையோ என்கிறீர்கள். அவர் எதைப் பார்த்துச் சொல்லித் தருவார்? திங்கட்கிழமை கழித்தல் நடத்துகிறார், பத்துக் கணக்கு வீட்டுக்கு வருகிறது. செவ்வாய்க்கிழமை காலையில் உங்கள் மகன் நோட்டில் பத்தும் சரி. இவனுக்குப் புரிந்துவிட்டது என்று டிக் போட்டுவிட்டு, புரியாத பிள்ளையிடம் போய் உட்காருகிறார். புதன், வியாழனிலும் இதே கதை. வெள்ளிக்கிழமை நீங்கள் பக்கத்தில் இல்லை. அவன் பையில் ரப்பர் இருக்கிறது, எதை அழிப்பது என்றுதான் அவனுக்குத் தெரியாது. பத்துக்கு மூன்று. நாலு நாளும் டீச்சர் பார்த்தது உங்கள் கணக்கு. அவன் கணக்கை அவர் பார்த்தது வெள்ளிக்கிழமை மட்டும்தான்.

அரசுப் பள்ளியில் இதனால் இன்னொரு நஷ்டமும் உண்டு. 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் வந்து, அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்துக்கும் நீண்ட எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பயிற்சி தருகிறார்கள். பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரிந்து, அங்கிருந்து கையைப் பிடித்து ஏற்றிவிடுவதற்கான ஏற்பாடு அது. நிற்கிற இடத்தையே நீங்கள் தேய்த்து மறைத்தால் அந்த ஏற்பாடு உங்கள் பிள்ளைக்கு எப்படி உதவும்?

நீங்கள் அழிப்பது எது என்று ஒரு கணக்கை வைத்தே காட்டுகிறேன். 52 – 27. உங்கள் மகன் 35 என்று எழுதியிருப்பான். நீங்கள் 35-ஐ அழித்து 25 போட வைத்திருப்பீர்கள். ஆனால் அந்த 35 இரண்டு வழியில் வரும். ஒரு பிள்ளை 2-லிருந்து 7 போகாது என்று கண்டு, திருப்பிப் போட்டு 7-லிருந்து 2-ஐக் கழித்து 5 எழுதும். பிறகு 5-ல் 2 போனால் 3. இன்னொரு பிள்ளை பக்கத்திலிருந்து ஒரு பத்து வாங்கி 12 ஆக்கி, 12-ல் 7 போனால் 5 என்று சரியாக எழுதும். ஆனால் கொடுத்த 5 இப்போது 4 ஆகிவிட்டது என்பதை மறந்து, 5-ல் 2 போக 3 என்று போடும். இரண்டும் 35-தான். முதல் பிள்ளைக்குப் பத்து, ஒன்று என்கிற இட மதிப்பே பிடிபடவில்லை. இரண்டாவது பிள்ளைக்கு எல்லாம் தெரியும், ஒரு கோடு கிழிக்க மறந்துவிட்டது. முதல் பிள்ளைக்குப் பாடத்தை ஆரம்பத்திலிருந்து நடத்த வேண்டும், இரண்டாவதுக்கு ஒரு வார்த்தை போதும். யார் எந்த ரகம் என்பதை 2-க்கு மேலே சின்னதாகப் போட்ட 1, 5-ன் மேல் கிழித்த கோடு, இவைதான் சொல்லும். நீங்கள் முதலில் தேய்ப்பதே அவற்றைத்தானே?

உங்கள் பையன் எந்த ரகம் என்று இன்றைக்கே கண்டுபிடிக்கலாம். 53 – 27 கொடுங்கள். பக்கத்தில் உட்காராதீர்கள், அடுப்படிக்குப் போய்விடுங்கள். 34 என்று வந்தால் முதல் ரகம். 36 வந்தால் இரண்டாவது ரகம். 26 வந்தால் கழித்தல் தெரிகிறது, வெள்ளிக்கிழமை பயத்தில் தடுமாறுகிறான்.

36 என்றால் வைத்தியம் சுலபம். 13 என்று மாற்றி எழுதுவதற்கு முன்னாலேயே 5-ன் மேல் கோடு கிழித்து 4 போட வேண்டும். வரிசை இதுதான், மாற்றக் கூடாது. முதலில் 13 போட்டால் கண் வலது பக்கத்திலேயே நின்றுவிடும், 5 மறந்துபோகும்.

34 என்றால் நோட்டை மூடிவைத்துவிட்டுத் திண்ணைக்குப் போங்கள். உங்கள் மாமியார் முன்னால் கொட்டிக் கிடக்கிறதே புளியங்கொட்டை, அதில் நூற்றுப் பத்து எடுங்கள். காலித் தீப்பெட்டி பத்து. ஒரு பெட்டிக்குப் பத்துக் கொட்டை, பையனே எண்ணிப் போட வேண்டும். நீங்கள் போட்டு வைத்த பெட்டி அவனுக்கு வெறும் பெட்டிதான், அவன் எண்ணிப் போட்டால்தான் அது பத்து. 53 என்றால் ஐந்து பெட்டி, மூன்று உதிரிக் கொட்டை. பாட்டி கையை நீட்டி 27 கேட்கட்டும். ஏழு உதிரி கொடுக்க வேண்டும், மூன்றுதான் இருக்கிறது. அங்கே அவன் முழிப்பான். முழிக்கட்டும், வாயைத் திறக்காதீர்கள். அவனே ஒரு பெட்டியைத் திறந்து கவிழ்ப்பான். இப்போது உதிரி பதின்மூன்று. ஏழு கொடுத்தால் ஆறு மிச்சம். பெட்டி நான்கில் இரண்டு கொடுத்தால் இரண்டு மிச்சம். 26.

பாடப் புத்தகத்தில் இனமாற்றம் என்று போட்டிருப்பது அந்தப் பெட்டியைக் கவிழ்க்கிறதைத்தான். பக்கத்து வீட்டில் கடன் வாங்கு என்று நாம் சொல்லிக் கொடுப்பது பிள்ளையைக் குழப்பும். கடன் என்றால் திருப்பித் தர வேண்டுமே, எப்போது தருவது என்று அது யோசிக்கும். ஒரு பத்தை உடைத்துப் பத்து ஒன்றாக்கினோம், அவ்வளவுதான். இதை மூன்று நாள், நாளைக்கு நான்கு கணக்கு என்று செய்யுங்கள். நான்காம் நாள் ஒவ்வொரு அசைவையும் நோட்டிலும் எழுதட்டும்: பெட்டியைத் திறந்தால் 5-ன் மேல் கோடு, கொட்டை கொட்டினால் 13. கொட்டையும் நோட்டும் ஒன்றாகப் போக வேண்டும். முதலில் விளையாட்டு, பிறகு தனியாக எழுத்து என்று பிரித்தால் இரண்டும் ஒட்டாது.

பூஜ்யம் வந்தால் இன்னும் தடுமாறுவான். 102 – 48-க்கு 146 எழுதும் பிள்ளைகள் நிறைய. இருந்ததைவிட மிச்சம் எப்படி அதிகமாகும் என்று அவர்களுக்குத் தோன்றாது. பத்துப் பெட்டியையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டுங்கள், அது நூறு. பக்கத்தில் உதிரி இரண்டு. எட்டு வேண்டும் என்றால் முதலில் பையை அவிழ்த்து, அப்புறம் ஒரு பெட்டியைத் திறக்க வேண்டும். ஒன்பது பெட்டி, பன்னிரண்டு உதிரி. 54 வரும்.

பாட்டி தெலுங்கில் எண்ணுவாரே என்று பயப்படாதீர்கள். எண்ணட்டும். பத்தைப் பதி என்பார், பன்னிரண்டைப் பன்னெண்டு என்பார். நம் வீட்டில் பேசுகிற தமிழிலும் அது பன்னெண்டுதானே? பெட்டியில் பத்து இருப்பது எந்த பாஷையில் எண்ணினாலும் பத்துதான். நாளெல்லாம் கொட்டை எண்ணப் பொறுமை உள்ள ஒரு மனுஷியை வீட்டில் வைத்துக்கொண்டு, அவர் பக்கம் பிள்ளையை விடுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இது தப்பு, அம்மா. பெரியவரை ஒதுக்கி வைத்துவிட்டுப் பிள்ளைக்கு டியூஷன் தேடுவது எனக்குக் கொஞ்சமும் ஒப்பாது.

தமிழ்ச் சொற்களுக்கும் இதே ரப்பர்தான் வேலை செய்கிறது. சொல்வதை எழுதுதலுக்குக் கொடுக்கிற பத்துச் சொல்லை ஒவ்வொன்றும் பத்துத் தடவை எழுத வைப்பீர்கள் என்று நினைக்கிறேன். அவன் எழுதும்போது பென்சில் எப்படிப் போகிறது என்று ஒரு நாள் பாருங்கள். பழம் என்ற சொல்லுக்கு முதலில் மேலிருந்து கீழே பத்து ப. பிறகு பத்து ழ. கடைசியில் பத்து ம். பக்கம் நிறைந்துவிட்டது, பழம் என்று அவன் ஒரு தடவைகூட எழுதவில்லை. திங்கள் நான்கு சொல், செவ்வாய் மூன்று, புதன் மூன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். சொல்லைப் பார்க்க வேண்டும், வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கையால் மூடி மனத்திலிருந்து எழுத வேண்டும், பிறகு கையை எடுத்து அவனே ஒப்பிட வேண்டும். ஒரு சொல்லுக்கு மூன்று தடவை போதும், மூன்றும் அடுத்தடுத்து வேண்டாம். வியாழக்கிழமை பத்தையும் கலைத்துச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். ழ வர வேண்டிய இடத்தில் ள எழுதினால், மாமியார் தெலுங்கின் மேல் பழி போடாதீர்கள். இன்றைய தெலுங்கிலும் கன்னடத்திலும் ழ இல்லை என்பது சரிதான். ஆனால் தமிழே பேசும் வீடுகளிலும் வாளப்பளம் என்றுதான் காதில் விழுகிறது. காதில் வித்தியாசம் கேட்காத பிள்ளையிடம் நன்றாகக் கேள் என்று அதட்டுவதில் பயன் இல்லை. அர்த்தத்தோடு சேர்த்துக் கொடுங்கள்: மரத்தில் உட்காருகிறது கிளி, வேண்டாத தாளைக் கிழி.

இப்போது நேரக் கணக்குக்கு வருகிறேன். மத்திய அரசின் பள்ளிப் பைக் கொள்கை 2020-ல் மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வாரத்துக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேரம். ஐந்து நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு 24 நிமிடம். உங்கள் வீட்டில் நாளைக்கு மூன்று மணி நேரம், வாரத்துக்குப் பதினைந்து. டீச்சர் கொடுத்தது ஒரு பக்கம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மிச்சத்தைச் சேர்த்தது யார்? (ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-ல் சொன்னது. சின்னப் பிள்ளைகளை ஏழு மணிக்கு நோட்டோடு உட்கார வைக்கிற மற்ற அம்மாக்களும் இதைக் கவனியுங்கள்.)

நாளையிலிருந்து ரப்பர் அலமாரியில் இருக்கட்டும். தப்பானால் பென்சிலால் ஒரே ஒரு கோடு. அடியில் இருப்பது படிக்கும்படி தெரிய வேண்டும், கிறுக்கி மறைக்கக் கூடாது. சரியானதைப் பக்கத்தில் எழுதட்டும். ஆரம்பித்த நேரத்தைப் பக்கத்தின் மேலேயும் முடித்த நேரத்தைக் கீழேயும் அவனே குறிக்கட்டும். 25 நிமிடம் ஆனதும் பாதிக் கணக்கில் இருந்தாலும் நிறுத்திவிடுங்கள். கீழே நீங்கள் ஒரு வரி எழுதுங்கள்: ‘ஆறு கணக்கு அவனே போட்டான், ஏழாவது நான் சொல்லிக் கொடுத்தேன், மூன்று முடியவில்லை.’ டீச்சருக்கு அந்த ஒரு வரி பத்து டிக்கைவிட மதிப்பானது.

ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் அரைகுறை நோட்டை அனுப்பினால் பையனுக்குத்தான் திட்டு விழும். அதனால் திங்கட்கிழமை பள்ளி விட்டதும் பத்து நிமிடம் நேரில் போய்ப் பாருங்கள். அழித்து அழித்துத் தாள் நைந்துபோன பழைய நோட்டையும் வெள்ளிக்கிழமைத் தாளையும் எடுத்துப் போங்கள். இதுவரை வந்ததெல்லாம் நான் திருத்தியது, இனிமேல் அவன் எழுதுவது அப்படியே வரும் என்று சொல்லிவிடுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். டீச்சர் மேல் சந்தேகப்பட்டதற்கு அந்தச் சங்கடத்தை நீங்கள் படத்தான் வேண்டும்.

அதற்கு முன்னால் உங்கள் வீட்டுக்காரரிடம் பேசியாக வேண்டும். நீங்கள் அழிப்பது டீச்சருக்காக இல்லை, அவர் திட்டுக்குப் பயந்துதான் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிவிட்டு வரும் மனிதரின் அலுப்பு எனக்குப் புரிகிறது. அதற்காக, மகன் தப்பை அம்மா அழித்து அப்பாவிடம் மறைக்கிற வழக்கத்தை அவர் வீட்டில் வளரவிடக் கூடாது. எட்டு வயதில் கழித்தல் கணக்கை மறைக்கப் பழகினவன் பதினாறு வயதில் எதை மறைப்பான் என்று அவரையே யோசிக்கச் சொல்லுங்கள். நோட்டில் இனிமேல் சிவப்பு மை நிறைய வரும், அது டீச்சர் அவனுக்காக வேலை செய்கிறார் என்பதற்கு அடையாளம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மையைப் பார்க்கிற வேலையை விட்டுவிட்டு, சாயங்காலம் எழுந்ததும் ஐந்து நிமிடம் பிள்ளையோடு உட்காரட்டும். வண்டியில் 53 கிரேடு ஏற்றினேன், 27 இறக்கிவிட்டேன், மிச்சம் எத்தனை என்று அவர் கேட்கிற கணக்கை எந்த டியூஷனாலும் கேட்க முடியாது. இதற்கும் நேரம் இல்லை என்றால் திட்டவும் நேரம் இருக்கக் கூடாது.

டியூஷன் வேண்டாம். அங்கே ஒரு அக்கா ரப்பரைக் கையில் எடுப்பார், அவ்வளவுதான் வித்தியாசம். தனியார் பள்ளியும் வேண்டாம். அங்கே நோட்டுகள் அதிகம், நீங்கள் இதே கையோடுதான் அங்கேயும் போவீர்கள்.

முதல் இரண்டு வெள்ளிக்கிழமையும் பத்துக்கு மூன்றேதான் வரும், பதறாதீர்கள். தேர்வுத் தாளை மட்டும் பத்திரமாக வையுங்கள். அடுத்த கடிதத்தில் மதிப்பெண் எழுத வேண்டாம். நீங்கள் அடுப்படியில் இருந்தபோது 53 – 27-க்கு அவன் 34 போட்டானா, 36 போட்டானா, அதை எழுதுங்கள்.