குதிகாலைப் பெட்டியில் வைத்து எலும்பை எடை போடுகிறவர்கள்

மும்பை செம்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார். வயது 51, மாதவிடாய் நின்று இரண்டு வருடம். சொசைட்டி ஹாலில் நடந்த இலவச முகாமில் குதிகாலை ஒரு பெட்டிக்குள் வைக்கச் சொல்லி, "மைனஸ் 2.6, எலும்பு அரிச்சுப் போச்சு" என்று சீட்டு கொடுத்தார்களாம். எலும்புக்கு என்று ஆறு மாதப் பவுடர் 14,500 ரூபாய், அதற்கு 2,000 முன்பணம் கட்டிவிட்டார். முழங்கால் வலி, தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றித்தான் எழ முடிகிறது, ராத்திரி வியர்த்து முழிப்பு வருகிறது. தைராய்டு மாத்திரை வேறு. மீதியைக் கட்டலாமா என்கிறார்.

கட்டாதீர்கள்.

மைனஸ் 2.5-ஓ அதற்குக் கீழேயோ போனால் எலும்புப்புரை என்ற கணக்கு, இடுப்பையும் முதுகெலும்பையும் டெக்ஸா ஸ்கேனில், அதாவது எலும்பு அடர்த்தி அளக்கிற எக்ஸ்ரேயில், எடுத்துப் பார்ப்பதற்கு. முகாமில் வைத்தது குதிகால் அல்ட்ராசவுண்ட். அதில் வரும் எண்ணை இந்தக் கணக்கில் போடுவது, துணிக்கடை அளவுகோலை வைத்துப் பால் அளக்கிற கதை. "சந்தேகம் இருக்கிறது, ஒருமுறை சரியாகப் பாருங்கள்" என்று சொல்ல மட்டும் அந்தச் சீட்டு உதவும். ஆனால் சீட்டு கொடுக்கிறவரே பக்கத்து மேஜையில் பவுடர் விற்றால், யாருக்குத்தான் "நார்மல்" என்று வரும்? மாதவிடாய் நின்ற முதல் ஐந்தாறு வருடம் ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு வேகமாகக் கரைவது நிஜம்தான். அந்த நிஜத்தைக் காட்டித்தான் பயமுறுத்துகிறார்கள். டாக்டர்களான எங்கள் ஆட்களும் யோக்கியம் இல்லை. குறிப்பிட்ட லேபுக்கே போகச் சொல்லி அங்கே கமிஷன் வாங்குகிற டாக்டர்கள் உண்டு. டெக்ஸாவை எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் இடுப்பு, முதுகு இரண்டும் எடுக்கச் சொல்லுங்கள். அடுத்த முறையும் அதே மெஷினில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

முழங்கால் வலிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. எலும்பு அடர்த்தி குறைந்தால் உடைகிற வரை வலிக்காது. உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது கையை ஊன்றி எழுகிறீர்களே, அதுதான். தொடைத் தசை போய்க்கொண்டிருக்கிறது. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருங்கள், யாரையாவது நேரம் பார்க்கச் சொல்லுங்கள். 12 நொடி தாண்டினால் கால் பலம் குறைவு. ஓபிடியில் இரண்டு நிமிடத்தில் அடுத்த ஆளைக் கூப்பிடுகிறோம், இதை யார் சொல்லித் தருவது? "வயசாச்சு, வாக்கிங் போங்க" என்று அனுப்பிவிடுகிறோம். வாக்கிங் இதயத்துக்கு நல்லது, தசைக்குப் போதாது. வாரம் இரண்டு மூன்று நாள் நாற்காலியில் எழுந்து உட்காருவது, சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்குவது, அப்புறம் இரண்டு கையிலும் ஒரு கிலோ அரிசிப் பை. பழகப் பழக எடையைக் கூட்ட வேண்டும், கூட்டாவிட்டால் பலன் அங்கேயே நின்றுவிடும்.

சாப்பாட்டில் புரதம், 60 கிலோ எடைக்கு 60 கிராமாவது. சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்பார்கள், ஒரு கரண்டி சாம்பாரில் எத்தனை பருப்பு மிதக்கிறது என்று பாருங்கள். முட்டை, தயிர், பனீர், சுண்டல், சாப்பிடுபவர்கள் மீன். மாதவிடாய் நின்ற பெண்ணுக்குக் கால்சியம் ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம். 100 கிராம் கேழ்வரகிலேயே 350 கிட்ட இருக்கிறது, மும்பைக் கடையில் நாச்னி என்று கேளுங்கள்.

குறைவதை மாத்திரையில் எடுக்கலாம். ஆனால் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் இந்த இடத்தை இரண்டு தடவை படியுங்கள். காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, அதற்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேர இடைவெளி. இரும்புச்சத்து மாத்திரைக்கும் அதே. சேர்த்துப் போட்டால் கால்சியம் தைராய்டு மருந்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்ஹெச் ஏறும், அதாவது மருந்து போதவில்லை என்று காட்டும், டாக்டர் டோஸைக் கூட்டுவார். அப்புறம் ஒரு நாள் நீங்கள் கால்சியத்தை நிறுத்துவீர்கள், கூட்டிய டோஸ் முழுசாக உடம்பில் ஏறும், தைராய்டு மருந்து அதிகமானால் அதுவே எலும்பைக் கரைக்கும்! அதனால் டெக்ஸாவுக்கு முன்னாலேயே டிஎஸ்ஹெச் பாருங்கள். கால்சியத்தை மதியச் சாப்பாட்டோடு வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை. வைட்டமின் டி 60,000 யூனிட் பாக்கெட்டை டாக்டர் சொன்ன வாரங்களோடு நிறுத்துங்கள், மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கி வருடக்கணக்கில் சாப்பிட வேண்டாம்.

ராத்திரி வியர்வைக்குத் தூக்க மாத்திரை கேட்காதீர்கள், அரைத்தூக்கத்தில் பாத்ரூம் போய் விழுந்தால்தான் இடுப்பு உடையும். 2002-ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வுக்குப் பிறகு குறைந்த ஈஸ்ட்ரோஜனை ஈடுகட்டும் ஹார்மோன் சிகிச்சை என்றாலே எல்லோருக்கும் பயம், அதில் இருந்தவர்களின் சராசரி வயது 63. உங்கள் வயதில், மார்பகப் புற்றோ ரத்தக்கட்டோ வந்ததில்லை என்றால், மகப்பேறு மருத்துவரிடம் தைரியமாகக் கேளுங்கள். வியர்வையும் அடங்கும், எலும்புக்கும் காவல்.

2,000 ரூபாய்க்கு ரசீது இருக்கிறதா? ஹாலை யாருக்கு விட்டார்கள் என்று சொசைட்டி கமிட்டியிடம் எழுதிக் கேளுங்கள். திருப்பித் தராவிட்டால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் போடுங்கள்.