‘சோதிக்கவில்லை’ என்று எழுதியிருந்தால்: மாடல் ரயில் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய எஞ்சின் வாங்கி ஏமாந்தவர்கள் எழுதியவை. எல்லாவற்றையும் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் ஊர் மட்டும்.

கோவை: ஒன்பது வயது மகனுக்குப் பிறந்தநாளன்று 14,000 ரூபாயில் ஒரு எச்.ஓ. (அசலில் 87-இல் ஒரு பங்கு அளவு) ஸ்டார்ட்டர் செட் வாங்கினோம். மூன்று மாதம் நன்றாக ஓடியது. இப்போது நாலு அடிக்கு ஒருமுறை நிற்கிறது, கையால் தள்ளினால் கொஞ்சம் ஓடுகிறது. மோட்டார் போய்விட்டதா?

எஞ்சினைத் திறக்காதீர்கள். ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றை எடுத்துத் தண்டவாளத்தின் மேல் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது எஃகுத் தண்டவாளம். விலை குறைந்த செட்களில் பெரும்பாலும் இதைத்தான் வைக்கிறார்கள். இந்த ரயிலுக்கு மின்சாரம் தண்டவாளம் வழியாகவே சக்கரத்துக்கும், அங்கிருந்து மோட்டாருக்கும் போகிறது. தண்டவாளத்தில் கண்ணுக்குத் தெரியாத துருப்படலம் இருந்தாலே போதும், எஞ்சின் திக்கித் திக்கி ஓடும்.

ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலை நூல் பிரியாத பருத்தித் துணியில் நனைத்துத் தண்டவாளத்தைத் துடையுங்கள். பிறகு அதே துணியைத் தண்டவாளத்தின் குறுக்கே போட்டு, முன் சக்கரங்கள் துணியின் மேலும் பின் சக்கரங்கள் தண்டவாளத்திலும் இருக்கும்படி எஞ்சினைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஓட விடுங்கள், அப்புறம் திருப்பி வையுங்கள். துணியில் கறுப்புக் கோடு விழும், அதுதான் உங்கள் வியாதி. ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பு பக்கத்தில் இல்லாமல், நீங்களே செய்யுங்கள், பையனிடம் கொடுக்க வேண்டாம். உப்புத்தாள் மட்டும் போடாதீர்கள், அந்தக் கீறல்களில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும்.

இனி கூடுதல் தண்டவாளம் வாங்கும்போது நிக்கல் சில்வர் என்று கேட்டு வாங்குங்கள். பெயரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பது தாமிரமும் நிக்கலும் துத்தநாகமும். காந்தம் ஒட்டாது, துருப்பிடிக்காது. ஒரு கம்பெனியின் அடித்தளம் வைத்த தண்டவாளம் இன்னொரு கம்பெனியுடையதோடு நேராகச் சேராது என்பதால், இருக்கும் செட்டின் படத்தையும் கடையில் காட்டுங்கள்.

சிங்கப்பூர்: வீட்டில் 4க்கு 2 அடி மேசை ஒன்றுதான் இருக்கிறது. எச்.ஓ. நீராவி எஞ்சின் ஒன்று பிடித்திருக்கிறது. வாங்கலாமா?

வாங்காதீர்கள். எச்.ஓ.வில் வழக்கமாகக் கிடைக்கும் மிகச் சிறிய வளைவே 360 மில்லிமீட்டர் ஆரம், முழு வட்டத்துக்கு 72 சென்டிமீட்டர், ஓரம் சேர்த்தால் 80. உங்கள் மேசையின் அகலம் 61. எச்.ஓ.வைவிடச் சிறிய, ‘N’ என்ற ஆங்கில எழுத்தால் குறிக்கும் ஸ்கேலுக்குப் போங்கள், கேஜ், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம், 9 மில்லிமீட்டர்தான். ஜப்பானின் காட்டோ கம்பெனியின் 249 மில்லிமீட்டர் வளைவு அந்த மேசையில் தாராளமாக அடங்கும், 282-ம் எப்படியோ அடங்கிவிடும். எஞ்சினின் அட்டைப்பெட்டியிலோ விவரக்குறிப்பிலோ குறைந்தபட்ச ஆரம் என்று ஒரு எண் இருக்கும். நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதைப் பாருங்கள்.

பெங்களூரு: ‘டிசிசி ரெடி’ (டிசிசி என்பது டிஜிட்டல் கட்டுப்பாடு) என்று போட்டிருந்த எஞ்சினை 22,000 கொடுத்து வாங்கினேன். டிஜிட்டல் கண்ட்ரோலரில் வைத்தால் அசையவே இல்லை. விற்றவர் ஏமாற்றிவிட்டார்.

ஏமாற்றவில்லை. ‘ரெடி’ என்றால் டிகோடர், அதாவது டிஜிட்டல் கட்டளையைப் புரிந்துகொண்டு மோட்டாரை ஓட்டும் சிறு சர்க்யூட், வைக்க உள்ளே சாக்கெட் இருக்கிறது என்றுதான் பொருள், டிகோடரை நீங்கள்தான் வாங்க வேண்டும். 22,000 ரூபாய் கொடுப்பதற்கு முன் அந்த ஒரு சொல்லுக்குப் பொருள் என்ன என்று கேட்டிருக்கலாம், இதே கேள்விக்குப் பதில் எழுதுவது எனக்கு இது எத்தனையாவது முறை என்றே நினைவில்லை. இப்போதாவது சாக்கெட்டில் 6 முள்ளா, 8 முள்ளா, 18-ஆ, 21-ஆ என்று பார்த்துவிட்டு டிகோடர் வாங்குங்கள். அது வரும்வரை சாதாரண 12 வோல்ட் டிசி கண்ட்ரோலரில் ஓட்டலாம்.

ஸ்டுட்கார்ட் அருகில்: ஞாயிறு சந்தையில் ஒரு பெரியவரிடம் மார்க்லின் எச்.ஓ. எஞ்சின் வாங்கினேன், பார்க்கப் புதிது போல இருக்கிறது. என் இரண்டு தண்டவாள லேஅவுட்டில் வைத்ததும் கண்ட்ரோலரில் சிவப்பு விளக்கு எரிந்து எல்லாம் நின்றுவிட்டது.

எஞ்சினில் குறையில்லை, வேறு ஊர் ரயிலை உங்கள் ஊர்ப் பாதையில் வைத்திருக்கிறீர்கள். மார்க்லின் எச்.ஓ.வில் மின்சாரத்தின் ஒரு முனை, தண்டவாளங்களுக்கு நடுவில் வரிசையாக இருக்கும் சிறு புள்ளிகள் வழியாக வரும், எஞ்சினின் அடியில் இருக்கும் நீளமான ஸ்லைடர் அதைத் தொடும். இரண்டு தண்டவாளமும் சேர்ந்து மறுமுனை. அதனால் இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் மின்சாரத்துக்குப் பிரித்து வைப்பதில்லை. உங்கள் பாதையில் வைத்ததும் ஷார்ட் ஆகிறது.

நானும் இதைச் செய்திருக்கிறேன். ஒரு பச்சை நிற மின் எஞ்சினை, படத்தில் அடிப்பக்கம் தெரியவில்லை என்பதைக்கூடக் கவனிக்காமல், ஒரு மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு கொடுத்து வாங்கினேன். சக்கரம் மாற்றிக் கொடுக்க ஆள் தேடியதில் இன்னும் செலவு, கடைசியில் பாதி விலைக்கு விற்றேன். நீங்கள் இருப்பது மார்க்லினின் சொந்த ஊரான கோப்பிங்கனுக்குப் பக்கம், அங்கே இதை வாங்க ஆள் கிடைக்கும். இரண்டு தண்டவாளக்காரர்களுக்காக அதே குழுமம் ட்ரிக்ஸ் என்ற பெயரில் விற்கிறது, அதைத் தேடுங்கள்.

துபாய்: ‘500 மட்டுமே’ என்று எண் போட்ட எஞ்சின்களைப் பிரிக்காமல் பத்து வருடம் வைத்திருந்தால் நல்ல லாபம் வருமா?

வராது. ஓட்டுங்கள்.

லண்டன், ஹாரோ: ஏல இணையதளத்தில் 3,000 பொருட்கள் விற்கும் ஒரு கடையிடம் டபுள் ஓ (பிரிட்டனில் வழக்கமான மாடல் அளவு) எஞ்சின் வாங்கினேன், 68 பவுண்டு. ‘சோதிக்கவில்லை, திரும்பப் பெற மாட்டோம்’ என்று எழுதியிருந்தார்கள். மோட்டாரே உள்ளே இல்லை! அதைத்தான் எழுதினோமே என்கிறார்கள். என் தவறுதானா?

இல்லை, உங்கள் தவறே இல்லை. இந்த ஒரு சொல்லைப் பற்றி எழுத எனக்கு நிறைய இருக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு தண்டவாள டிசி எஞ்சின் ஓடுமா என்று பார்க்க லேஅவுட் வேண்டாம், கண்ட்ரோலர்கூட வேண்டாம். ஒரு 9 வோல்ட் பேட்டரி, இரண்டு துண்டு ஒயர். ஒன்றை இடப்பக்கச் சக்கரத்திலும் மற்றதை வலப்பக்கச் சக்கரத்திலும் தொட்டால் சக்கரம் சுற்றும், அல்லது சுற்றாது. பத்து விநாடி வேலை. தினமும் எஞ்சின் விற்றுப் பிழைக்கும் ஒரு கடை, ஆறு கோணத்தில் படம் எடுத்து, எடை போட்டு, பெட்டியின் மூலை கசங்கியிருப்பதைக்கூட வர்ணித்து எழுத நேரம் இருக்கிற ஒரு கடை, இந்தப் பத்து விநாடியை மட்டும் செலவழிக்கவில்லை என்றால் நான் நம்பத் தயாராக இல்லை. சோதித்திருப்பார்கள், ஓடியிருக்காது, அதனால் அந்தச் சொல்லைப் போட்டிருப்பார்கள். ஓடியிருந்தால் ‘அருமையாக ஓடுகிறது’ என்று தலைப்பிலேயே எழுதி இருபது பவுண்டு கூடப் போட்டிருப்பார்கள். தாத்தாவின் பரணைக் காலி செய்யும் ஒரு குடும்பம் அப்படி எழுதினால் அதில் உண்மை இருக்கலாம். கடைக்காரர் எழுதினால் இல்லை.

சட்டமும் உங்கள் பக்கம்தான். விற்றவர் வியாபாரி என்றால், தொலைவிலிருந்து வாங்கிய பொருளை, கையில் கிடைத்த 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம், அது 2013-ம் ஆண்டு விதி. குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம், அது 2015-ம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம். வாங்குவதற்கு முன் குறிப்பாகச் சுட்டிக்காட்டிய குறைக்குத்தான் விலக்கு. ‘மோட்டார் இல்லை’ என்று எழுதியிருந்தால் அது சுட்டிக்காட்டியது. ‘சோதிக்கவில்லை’ என்பது எதையும் சுட்டிக்காட்டவில்லை, ‘திரும்பப் பெற மாட்டோம்’ என்ற வரியால் உங்கள் உரிமை போய்விடாது. ரத்து செய்வதை எழுத்தில் அனுப்புங்கள், நாளைக் கடத்தாதீர்கள். மசியவில்லை என்றால் கார்டு கொடுத்த வங்கியில் பணத்தைத் திரும்பப் பெறும் கோரிக்கை போடுங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், தனியாளிடம் வாங்கியிருந்தால் இவ்வளவு பாதுகாப்பு கிடையாது. அவர் சொன்ன விவரத்துக்குப் பொருள் ஒத்திருந்தால் போதும்.

மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பழைய எஞ்சின் வாங்குமுன் மெதுவாக முன்னும் பின்னும் ஓடும் வீடியோ ஒன்று கேளுங்கள். வேகமாக ஓடுவதைக் காட்டினால் ஒன்றும் தெரியாது, கியர் தேய்ந்திருந்தால் மெதுவாகப் போகும்போதுதான் துள்ளும். அடிப்பக்கத்தின் படம் கேளுங்கள். உலோக அடிச்சட்டத்தின் இரண்டு முனைகளையும் கிட்டத்தில் எடுத்த படம் கேளுங்கள். இந்தக் கடைசிப் படத்தை நான் ஒருமுறை கேட்காமல் விட்டேன். 1930-களில் செய்த மூன்று எஞ்சின்கள், ஒரே பொட்டலமாக, பக்கவாட்டில் எடுத்த படங்கள் மட்டும். வந்து பிரித்தால் அடிச்சட்டம் வீங்கி நடுவில் வளைந்திருந்தது, ஒரு சக்கரம் கையோடு பொடியாக வந்தது. துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துவிட்டால் வருடங்கள் போகப் போக உலோகம் உள்ளேயே அரித்து வெடிக்கும், ஈரப்பதம் அதை இன்னும் வேகப்படுத்தும். அதற்கு மருந்தே இல்லை. பசை போட்டாலும் நிற்காது. அந்த மூன்றையும் நான் இன்னும் தூக்கிப் போடவில்லை, போட மனம் வரவில்லை.

பேபால் போன்றவற்றில் பணத்தை ‘நண்பருக்கு அனுப்புவது’ போல அனுப்பச் சொன்னால், வாங்குபவருக்கான பாதுகாப்பு போய்விடும் என்பதால், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சென்னை, அண்ணா நகர்: இங்கிலாந்திலிருந்து ஒரு எஞ்சின் வரவழைக்கிறேன். ‘அன்பளிப்பு, 10 பவுண்டு’ என்று எழுதி அனுப்பச் சொன்னால் சுங்கவரி வராதல்லவா?

அப்படிச் செய்யாதீர்கள். அன்பளிப்பு என்று சொல்லி வரியில்லாமல் எடுக்கும் வழி, உயிர்காக்கும் மருந்தும் ராக்கியும் தவிர, 2019 டிசம்பரிலேயே மூடப்பட்டுவிட்டது. அதோடு, 10 பவுண்டு என்று எழுதிய பார்சல் வழியில் உடைந்தால் இன்ஷூரன்ஸ் தருவதும் 10 பவுண்டுதான். அனுப்பும் கூலியும் சேர்த்துத்தான் வரி போடுவார்கள், அதன் மேல் ஜிஎஸ்டி. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, கட்டுப்படியானால் வாங்குங்கள்.

சேலம்: இணையக் கடை ஒன்றில் ‘ஊட்டி ரயில், 1:87, அச்சு அசல் அளவு’ என்று வாங்கினேன். என் எச்.ஓ. தண்டவாளத்தில் சரியாக ஓடுகிறது. ஆனால் பார்க்க ஏதோ ஒட்டவில்லை, அகலமாகத் தெரிகிறது.

உங்கள் கண் சரியாகப் பார்த்திருக்கிறது. எச்.ஓ. கேஜ் 16.5 மில்லிமீட்டர், அதை 87-ஆல் பெருக்கினால் 1,435, அதாவது ஐரோப்பாவின் ஸ்டாண்டர்ட் கேஜ். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குப் போகும் பாதை மீட்டர் கேஜ், 1,000 மில்லிமீட்டர். 1:87-இல் அது பதினொன்றரை வர வேண்டும், நடைமுறையில் 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓட்டுவார்கள். நம் பிராட் கேஜ் 1,676-க்கும் இதேபோல் 19.3 வர வேண்டும், ஆனால் 16.5-இலேயே ஓட்டுவது மாடல் ரயில் உலகத்தில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட சமரசம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ‘அச்சு அசல் அளவு’ என்று எழுதி விற்றதைத்தான் குறை சொல்கிறேன். பொருளைப் பற்றிப் பொய்யாகச் சொல்வது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் புகாருக்கு உரிய விஷயம்.

முதலில் அந்த இணையதளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள், 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அதற்கும் மேலே போக வேண்டுமானால் சேலத்திலேயே, நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டை இன்றே எடுத்து வையுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள்.

மலை ரயில் ஆசை போகவில்லை என்றால், ஜெர்மனியின் பெமோ கம்பெனி 12 மில்லிமீட்டரில் சுவிட்சர்லாந்தின் மீட்டர் கேஜ் ரயில்களைச் செய்கிறது. ஊட்டிப் பாதையின் பழைய நீராவி எஞ்சின்கள் பிறந்ததே சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில்தான், அதனால் தூரத்துச் சொந்தம் உண்டு.

பெரம்பூர்: அப்பா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், போன வருடம் காலமாகிவிட்டார். 60 எஞ்சின்களுக்கு மேல் விட்டுப் போயிருக்கிறார், எல்லாம் அட்டைப்பெட்டியோடு. ஒரு வியாபாரி வந்து மொத்தத்துக்கும் 40,000 தருகிறேன் என்றார், ‘பார்த்துவிட்டுச் சொல்கிறேன்’ என்று இரண்டை எடுத்துப் போனார். மூன்று வாரமாகப் போன் எடுப்பதில்லை. அம்மா, விட்டுவிடு என்கிறார்.

விடாதீர்கள். 60-க்கு 40,000 என்றால் ஒன்றுக்கு 670 ரூபாய்கூட இல்லை, பெட்டியோடு இருக்கும் எஞ்சினுக்கு அது விலையே அல்ல. அவருக்கு இன்றே வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: எந்தத் தேதியில், எந்த இரண்டு எஞ்சின்களை (தெரிந்தவரை) எடுத்துப் போனார், எந்தத் தேதிக்குள் திருப்பித் தர வேண்டும். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அது ஆதாரம். நீங்கள் குறித்த நாள் கடந்தால் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுங்கள். இழவு வீட்டில் வந்து விலை பேசுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை.

மீதி இருப்பதில் எதையும் துடைக்காதீர்கள், எண்ணெய் விடாதீர்கள், பெட்டியையும் எஞ்சினையும் பிரித்து வைக்காதீர்கள். ஒவ்வொரு பெட்டியின் முனையிலும் ஒரு எண் இருக்கும், ஹார்ன்பி என்றால் ஆர் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். அந்த எண், எஞ்சினின் நிறம், அதன் மேல் எழுதியிருக்கும் எண், மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பழைய ஏலங்களில் அதே எண் என்ன விலைக்குப் போனது என்று பார்த்தால் உங்களுக்கே ஒரு கணக்கு வந்துவிடும். குறைந்தது மூன்று பேரிடம் தனித்தனியாக விலை கேளுங்கள், யாரையும் வீட்டுக்குள் தனியாகப் பார்க்க விடாதீர்கள்.

இவ்வளவு ஒழுங்காகப் பெட்டியோடு வைத்தவர் எங்கேயாவது கணக்கும் எழுதி வைத்திருப்பார். அலமாரியில் தேடுங்கள். கிடைத்தால் அந்தப் பக்கங்களையும் உங்கள் நோட்டையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், எடுத்துப் போன இரண்டும் எவை என்று அதிலிருந்து கண்டுபிடித்துச் சொல்கிறேன்.